விண்கல் சேர்க்க சித்தப்பா 2 லட்சம் தர்றாரு, எதுல போடலாம்?

மன்னார்குடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலஞ்சு பேரு மொட்டமாடில டெலஸ்கோப் வச்சு வானம் பாக்குற கோஷ்டி. சிங்கப்பூர்ல இருக்குற சித்தப்பா 2 லட்சம் தரேன், விண்கல் சேத்து ஊர்ப் பசங்களுக்குக் காட்டுங்க, ஆராய்ச்சிக்கும் குடுங்கங்கிறாரு. நம்ம வயல்ல கல்லே கெடையாது, வெறும் வண்டல், அப்ப கருப்பா ஒண்ணு கெடந்தா அது மேலேந்து வந்ததாத்தானே இருக்கணும்? நாத்தங்கால் உழும்போது ஒண்ணு கெடச்சுது, உள்ளங்கை அளவு, நல்ல கனம், காந்தம் ஒட்டுது. ஆள் போட்டுத் தேடலாமா, இல்ல நெட்டுல வாங்கலாமா?

வெண்ணாத்தங்கரை:
தம்பி அதுல பொத்தல் பொத்தலா இருக்கா பாருங்க. இருந்தா இரும்புக் கிட்டம், கொல்லன் உலைக் கழிவு. எங்க கொல்லைல தோண்டுனா கூடை கூடையா வரும். காந்தம் அதுக்கும்தான் ஒட்டும். ஆள் போட்டுத் தேடுறது தண்டச் செலவு. விண்கல்லுல முக்காவாசில நிக்கல் கலந்த இரும்புத் துணுக்கு இருக்கும், நம்ம சேத்துல ரெண்டு சம்பா ஊறுனா துரு தின்னுடும், அதான் சஹாராவுக்கும் அண்டார்டிகாவுக்கும் ஓடுறாங்க. 1857ல மதுரைப் பக்கம் விழுந்த பர்னல்லி கல்லு 77 கிலோ, விழுந்ததை ஆளுங்க பாத்ததால கைக்கு வந்துச்சு, அதுல பெரிய துண்டு இப்ப லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல.

டிகிரி காப்பி:
வாங்குறதா இருந்தா உஷார். எங்க மாமா ஒருத்தர் இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங்னு 80 ஆயிரத்தை விட்டவரு, இப்ப அதே மாதிரி ஆளுங்க வானத்துக் கல்லுன்னு வர்றாங்க. மீட்டியோரிட்டிக்கல் சொசைட்டின்னு விண்கல் ஆராய்ச்சிக்காரங்களோட உலகச் சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க பதிவுல அந்தக் கல்லு பேர் இருக்கான்னு பாருங்க. அங்க ஒரு கல்லுக்குப் பேர் வாங்கணும்னா 20 கிராம், இல்லாட்டி மொத்த எடைல 20 சதவீதம், எது கம்மியோ அதை ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல வச்சே ஆகணும். வீட்ல அடிச்ச சர்ட்டிபிகேட்டை வச்சு வடைதான் மடிக்கலாம்.

கோடியக்கரை:
தனியார் காசுலதான் இந்தத் துறை பாதி வளந்துச்சு. அமெரிக்காவுல நைனிங்கர்னு ஒரு காலேஜ் வாத்தியார் வேலையை விட்டுட்டு, கல்லு கெடச்சா காசு தரேன்னு விவசாயிங்ககிட்ட சொல்லிச் சொல்லியே சேத்தாரு, அதுல பெரும் பங்கை 1958ல லண்டன் மியூசியமும் 1960ல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் வாங்குச்சு. டெக்சாஸ்ல மானிக், ஜவுளி வியாபாரக் குடும்பம், சேத்ததை அப்படியே யுனிவர்சிட்டிக்குக் குடுத்தாரு. இங்க விண்கல் ஆராய்ற அகமதாபாத் பிஆர்எல்லே (இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம்) 1947ல தனியார் டிரஸ்ட் உதவியோட விக்ரம் சாராபாய் ஆரம்பிச்சதுதான். ஆனா 2025 ஜூலைல செவ்வாய் கிரகத்துலேந்து வந்த 24.67 கிலோ கல்லு நியூயார்க் ஏலத்துல 53 லட்சம் டாலருக்குப் போச்சு, அந்தச் சந்தைல உங்க 2 லட்சம் எந்த மூலைக்கு.

பதிலா ராத்திரி வானத்தைப் பாக்குற கேமரா வைங்க. குளோபல் மீட்டியோர் நெட்வொர்க்னு எரிகல்லைப் படம் புடிக்கிற கேமராக்காரங்களோட உலகக் கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு, ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டும் சிசிடிவி மாதிரி கேமராவும் போதும். தஞ்சாவூர்ல ஒண்ணு நாகப்பட்டினத்துல ஒண்ணு வச்சா, ரெண்டும் ஒரே எரிகல்லைப் பாத்தா, எங்க விழுந்திருக்கும்னு கணக்குப் போடலாம், சேறு மூடுறதுக்குள்ள போய் எடுக்கலாம். ஐப்பசி கார்த்திகைல மழைமேகம்தான், ஒண்ணும் தெரியாது. எடுத்தா ஜிஎஸ்ஐக்கு (இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை) சொல்லிடுங்க.

மன்னார்குடிக்காரன்:
பொத்தல் இருக்கு சார் 😐 கேமரா விஷயம் சித்தப்பாகிட்ட சொன்னேன், எல்லாம் கேட்டுட்டு "அப்ப கல்லு எங்கடா?"ங்கிறாரு. நாகப்பட்டினத்துல மாடி தர யாராச்சும் இருக்கீங்களா?