பழைய மினி டிராக்டர்ல ஸ்டியரிங் ரொம்ப லூஸ், ஸ்டியரிங் பாக்ஸ் மாத்தித்தான் ஆகணுமா?

பேராவூரணி தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். எங்ககிட்ட 18 ஹெச்பி மினி டிராக்டர் ஒண்ணு கெடக்கு, 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து தென்னையை எல்லாம் சாச்சுட்டு போச்சே, அதுக்கு மறுவருஷம் புதுக் கன்னு வச்சப்ப நடுவுல மண்ணைக் கிளறுற ரொட்டவேட்டர் ஓட்டலாம்னு செகண்ட்ஸ்ல வாங்குனது. பவர் ஸ்டியரிங் கிடையாது. இப்ப ஸ்டியரிங்கை கிட்டத்தட்ட கால் சுத்து சுத்துனதுக்கு அப்புறம்தான் முன் சக்கரமே அசையுது. தோப்புக்குள்ள மொதல் கியர்ல ஓட்டிக்கலாம், ஆனா டிரெய்லர்ல தேங்கா ஏத்திக்கிட்டு ரோட்டுக்கு வந்தா வண்டி ஒரு நேரா நிக்க மாட்டேங்குது, முந்தாநாள் திருப்பத்துல சொட்டுநீர் பைப்பு மேலயே ஏத்திட்டேன். பட்டறையில காட்டுனா குனிஞ்சுகூட பாக்கல, ஸ்டியரிங் ராட் அடியில இருக்க கியர் பெட்டி, அந்த பாக்ஸ் போச்சு மாத்திடுன்னு சொல்லிட்டாரு. பழைய மாடலுக்கு பாக்ஸ் எங்க போயி தேடுறது? பாக்ஸ் மேல ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கே, அதை முறுக்குனா ஆட்டம் குறையும்ங்கறாங்க, முறுக்கலாமா?

வெண்ணாத்தங்கரை:
முறுக்குங்க. நான் அரை சுத்து முறுக்குனேன் சரியாப் போச்சு.

நீடாமங்கலம் பழைய மெக்கானிக்:
தம்பி, அந்த ஸ்க்ரூல இப்ப கை வைக்காதீங்க, அது கடைசி வேலை. பாக்ஸ் போச்சுன்னு என்கிட்ட வந்த வண்டியில பாதிக்கு மேல பாக்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு, ஆட்டம் வெளியில இருந்துச்சு. மொதல்ல எங்கேருந்து ஆட்டம் வருதுன்னு கண்டுபிடிக்கணும், அதுக்கு காசு வேணாம், ஒரு ஆளு கூட வேணும் அவ்வளவுதான். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, சக்கரம் தரையில இருக்கும்போதே ஒருத்தர் சீட்டுல உக்காந்து ஸ்டியரிங்கை லேசா அந்தாண்ட இந்தாண்ட ஆட்டிக்கிட்டே இருக்கணும், நீங்க கீழ உக்காந்து ஒவ்வொரு ஜாயிண்டையும் கையால புடிச்சுக்கிட்டு வாங்க, மேலேருந்து ஆரம்பிச்சு கீழ. ஸ்டியரிங் ராட் சுத்துது, பாக்ஸை விட்டு வெளிய வர ஷாஃப்ட் அசையலைன்னா ஆட்டம் பாக்ஸுக்குள்ள. ஷாஃப்ட் அசையுது, அதுல மாட்டியிருக்க கை, ட்ராப் ஆர்ம்பாங்க, அது லேட்டா அசையுதுன்னா அந்த நட்டு லூஸ், இல்ல உள்ள பல்லு தேஞ்சுருக்கு. அதுவும் நல்லாருந்தா சக்கரத்துக்குப் போற டை ராட் முனையில இருக்க பால் ஜாயிண்டுங்களைப் பாருங்க, ரப்பர் பூட்டு கிழிஞ்சிருந்தா உங்க பக்கத்து மணல் உள்ள பூந்து கிரீஸோட சேந்து உப்புத்தாள் மாதிரி அறுத்துக்கிட்டே இருக்கும். எங்க பக்கம் கதை வேற, இரும்புக் கேஜ் வீல் போட்டு சேறடிக்கிறதுல சேத்துத் தண்ணி போயி கிரீஸ் அடிக்கிற நிப்பிளே அடைச்சுக்கும், அப்புறம் எங்க கிரீஸ் ஏறும்.

அதுக்கப்புறம் பின் சக்கரத்துக்கு கல்லு குடுத்து ஹேண்ட் பிரேக்கும் போட்டுட்டு முன் ஆக்சிலை ஜாக்கி போட்டு தூக்குங்க, ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, கீழ கட்டை குடுங்க. டயரை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. சக்கரம் மட்டும் தனியா ஆடுனா பேரிங், சக்கரம் மாட்டியிருக்க ஸ்டப் ஆக்சிலும் சேந்து ஆடுனா கிங்பின் புஷ், அதாவது சக்கரம் திரும்புறதுக்கு அச்சா இருக்க பின்னைச் சுத்தி இருக்க குழாய். ஆக்சில் நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆடுறதுக்கு ஒரு பின்னு இருக்கும், அதையும் பாருங்க, அதை யாரும் பாக்க மாட்டாங்க.

வெண்ணாத்தங்கரை:
அண்ணே என் வண்டிக்கு சரியாச்சேண்ணே.

நீடாமங்கலம் பழைய மெக்கானிக்:
உங்களுக்கு ஆட்டம் பாக்ஸுலயே இருந்துருக்கும், தப்பிச்சீங்க. ஆனா அரை சுத்து ஒரே தடவையில ரொம்ப ஜாஸ்தி. நேரா ஓட்டும்போதுதான் உள்ள பல்லு அதிகமா தேயும், நடுவுல இருக்க ஆட்டத்துக்காக இறுக்கிட்டா கடைசி வரைக்கும் திருப்பும்போது புடிச்சுக்கும், திருப்பத்துல ஸ்டியரிங் தானா திரும்பி வராது. சக்கரத்தைத் தூக்கிட்டு, நேரா வச்சு, லாக் நட்டை இளக்கி கொஞ்சம் கொஞ்சமா முறுக்கி, ஒவ்வொரு தடவையும் இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் சுத்திப் பாக்கணும். எங்கயாவது டைட்டா புடிச்சா ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னாடி திருப்பி இளக்கிடுங்க. அதுக்கு முன்னாடி பாக்ஸுல 90 கியர் ஆயில் இருக்கான்னு பாருங்க, சீல் ஒழுகுதுன்னு கிரீஸை அடைச்சு வச்சுருப்பாங்க சிலபேரு.

பேராவூரணி தோப்பு:
அண்ணே இன்னைக்கு அண்ணன் மவனை உக்கார வச்சு பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே ட்ராப் ஆர்ம்தான்! ஷாஃப்ட் திரும்புது ஆர்ம் சும்மா நிக்குது, நட்டை கையாலயே சுத்தலாம் போல இருந்துச்சு. அதை இறுக்குனதுமே பாதி ஆட்டம் போச்சு. இடது பக்கம் டை ராட் எண்டும் டக்கு டக்குங்குது, பூட்டும் இல்ல. இடது சக்கரத்துல கிங்பினும் கொஞ்சம் ஆடுது. பக்கத்துல ஒருத்தரு ஆர்மை ஷாஃப்டோட வெல்டிங் வச்சுட்டா ஜென்மத்துக்கும் லூஸ் ஆவாதுங்கறாரு.

கும்பகோணம் லேத்:
ஐயோ வெல்டிங் வேணவே வேணாம் சார். ஸ்டியரிங் பார்ட்ஸ் எதுலயும் வெல்டிங் வைக்கக் கூடாது, சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்துல விரிசல் விட்டு ரோட்டுல போகும்போதே ஒடைஞ்சா என்ன பண்ணுவீங்க? அதோட நாளைக்கு பாக்ஸ் சீல் மாத்தணும்னாலும் கழட்டவே முடியாது. கிங்பினுக்கு கன்மெட்டல்ல, அதாவது ஒரு வகை வெண்கலத்துல, புஷ் கடைஞ்சுக்கலாம், ஆனா புஷ்ஷை மட்டும் எடுத்துட்டு வராதீங்க, பின்னையும் ஸ்டப் ஆக்சிலையும் சேத்து கொண்டாங்க. பின்னு ஒரு பக்கமா தேஞ்சுருந்தா புது புஷ் போட்டாலும் ஆடும். புஷ்ஷை அடிச்சு ஏத்துனதும் உள்ளளவு கொஞ்சம் சுருங்கும், அதனால ஓட்டையை லேசா சீவி பெருசாக்குற ரீமர் விட்டு பின்னுக்கு ஏத்தமாதிரி எடுக்கணும்.

நீடாமங்கலம் பழைய மெக்கானிக்:
லேத்துக்காரர் சொல்றது சரி. டை ராட் எண்டை கழட்டுறதுக்கு முன்னாடி எத்தனை மரை உள்ள போயிருக்குன்னு எண்ணி வச்சுக்குங்க, இல்லாட்டி சக்கரம் கோணிக்கும். மாட்டுனதும் ரெண்டு டயர்லயும் முன்பக்கம், ஆக்சில் உயரத்துல சாக்பீஸால நடுவுல ஒரு கோடு போட்டு, இடைவெளியை டேப்பால அளந்துக்குங்க. அப்புறம் வண்டியை உருட்டி அந்தக் கோடு பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் திரும்ப அளங்க. பின்னாடியைவிட முன்னாடி சில மில்லிமீட்டர் கம்மியா வரணும், சரியான அளவு வண்டிப் புத்தகத்துல இருக்கும். கிரீஸ் அடிக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கிட்டு அடிங்க, பாரம் உக்காந்திருந்தா கிங்பின் அடிப்பக்கத்துக்கு கிரீஸ் ஏறாது, பழைய கருப்பு கிரீஸ் வெளிய பிதுங்குற வரைக்கும் அடிக்கணும்.

பேராவூரணி தோப்பு:
ரெண்டு டை ராட் எண்டும் மாத்தியாச்சு, புஷ் கடையக் குடுத்துருந்தேன், நேத்து மாட்டுனோம். ஸ்டியரிங் வளையத்துல இப்ப ஒரு இன்ச்சு ஒண்ணரை இன்ச்சு ஆட்டம்தான் இருக்கு. பாக்ஸ் ஸ்க்ரூவைத் தொடவே இல்ல. இது போதுமாண்ணே?

நீடாமங்கலம் பழைய மெக்கானிக்:
பழைய வண்டிக்கு அது தாராளம், சுத்தமா ஆட்டமே இல்லாம வைக்கக் கூடாது. நாலஞ்சு லோடு அடிச்சதும் அந்த ட்ராப் ஆர்ம் நட்டை ஒருதடவை ஸ்பேனர் போட்டு பாருங்க. திரும்ப இளகியிருந்தா பல்லு தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், ஆர்மைத்தான் மாத்தணும்.