ரிதம்பாக்ஸில் இருக்கும் பிளேலிஸ்ட், ஸ்டார் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு எப்படிக் கொண்டுபோவது?

கொருக்குப்பேட்டை மைக்செட்:

வணக்கம். எங்களுடையது சின்ன மைக்செட் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதம் கூழ் வார்த்தல், கல்யாணம், சாவு, எது வந்தாலும் போவோம். பாட்டு ஓடுவது ஒரு பழைய லேப்டாப்பில். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட். அதில் பாட்டுப் போட ரிதம்பாக்ஸ் என்ற மென்பொருள். மச்சான் போட்டுக் கொடுத்தது, நன்றாகத்தான் ஓடுகிறது.

இப்போது லேப்டாப்புக்குள் இருக்கிற ஹார்ட் டிஸ்க் டக் டக் என்கிறது. ஆடி பிறப்பதற்குள் எஸ்எஸ்டி மாற்றி, மின்ட் புதிதாகப் போட வேண்டும். பாட்டு பற்றிக் கவலை இல்லை. அதெல்லாம் வெளியே யுஎஸ்பி டிஸ்க்கில் இருக்கிறது, நகலும் இருக்கிறது. போனாலும் மூர் மார்க்கெட் பக்கம் நாலு பேரைக் கேட்டால் திரும்பக் கிடைக்கும்.

என் பயம் பிளேலிஸ்ட் பற்றித்தான். கூழ் வார்க்கிற நாளுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குப் பிள்ளையார் பாட்டு, சீர்காழி குரலில். அப்புறம் எல்.ஆர்.ஈஸ்வரி. கரகம் தெருமுனை திரும்பும்போது எது, அண்டா திறக்கும்போது எது என்று வரிசை இருக்கிறது. சந்தனக்கூட்டுக்கு நாகூர் ஹனிபா தனி. சாவு வீட்டுக்குக் கானா தனி. அதில் எது முதல் பாட்டு என்று எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது.

ஸ்டார் விஷயம் இன்னும் பெரியது. நான் ஸ்டார் போடுவது பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக இல்லை. ஐந்து ஸ்டார் என்றால் கோயில் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மூன்று, பந்தி நேரம். ஒரு ஸ்டார் என்றால் நடுவில் ஒரு வரி வரும், பெரியவர்கள் முகம் மாறும். பெண் வீட்டார் கிளம்பிய பிறகுதான் அதைத் தொடலாம். (அவர்கள் கிளம்புவதற்குள் பத்து மணி ஆகி, மைக்கையே நிறுத்த வேண்டியிருக்கும். அது வேறு கதை.) கடைப் பையன்கள் அந்த ஸ்டாரைப் பார்த்துத்தான் பாட்டுப் போடுகிறார்கள்.

இந்த ஸ்டாரும் வரிசையும் எங்கே சேமிக்கப்படுகிறது? எதை எடுத்து வைக்க வேண்டும்?

பெரம்பூர் லோகோ:

மின்ட்டிலேயே பேக்கப் எடுக்க டைம்ஷிஃப்ட் இருக்கிறது, அதை ஆன் பண்ணி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள் சார். எல்லாம் வந்துவிடும்.

வியாசை லினக்ஸ்:

வராது. டைம்ஷிஃப்ட் சிஸ்டத்துக்கானது. நாமாகப் போய் மாற்றாதவரை ஹோம் ஃபோல்டரை அது விட்டுவிடும். மைக்செட் அண்ணனுக்கு வேண்டியது முழுக்க ஹோமுக்குள்தான் இருக்கிறது.

அண்ணா, முதலில் ரிதம்பாக்ஸை முழுதாக மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலில் கடைசியாகப் போட்ட ஸ்டார் இல்லாமல் போகலாம். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளி லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ரிதம்பாக்ஸ். (ஃபோனில் அடிக்கிறேன், எல்லாப் பெயரும் தமிழிலேயே வருகிறது. ஃபோல்டரில் பார்த்தால் புரிந்துவிடும்.)

அங்கே ரிதம்டிபி என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. ஸ்டார், எத்தனை தடவை ஓடியது, கடைசியாக எப்போது ஓடியது எல்லாம் இதில்தான். பாட்டின் தலைப்பு, பாடியவர் பெயரை ரிதம்பாக்ஸில் திருத்தினால் அது எம்பி3 கோப்புக்குள்ளேயே போய் உட்காரும். ஸ்டார் அப்படிப் போகாது. அதனால் பாட்டை மட்டும் நகல் எடுத்தால் ஸ்டார் வராது. பக்கத்தில் பிளேலிஸ்ட்ஸ் என்று இன்னொரு எக்ஸ்எம்எல், உங்கள் வரிசை அதில். வெளியிலிருந்து பிளக்இன் போட்டிருந்தால் அதுவும் இதே ஃபோல்டருக்குள் இருக்கும். எனவே ரிதம்பாக்ஸ் ஃபோல்டரை முழுசாக நகல் எடுங்கள். பல ஆயிரம் பாட்டு இருந்தாலும் சில எம்பிதான், வாட்ஸ்அப்பில் மச்சானுக்கே அனுப்பி வைக்கலாம்.

கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு குறையக் குறைய அடுத்தது ஏறுவது) மாதிரி செட்டிங் வேறு இடத்தில், டிகான்ஃப் என்பதற்குள் இருக்கிறது. டெர்மினலில் டிகான்ஃப், இடைவெளி, டம்ப், இடைவெளி, பிறகு ஓஆர்ஜி, ஜினோம், ரிதம்பாக்ஸ் என்ற பாதை. பாதையின் தொடக்கத்திலும் முடிவிலும் சாய்கோடு வேண்டும், கடைசிச் சாய்கோடு விட்டுப்போனால் ஏற்காது. வருவதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமியுங்கள். புது மின்ட்டில் டம்ப்புக்குப் பதில் லோடு.

கொருக்குப்பேட்டை மைக்செட்:

தம்பி, ரொம்ப நன்றி. எடுத்துவிட்டேன். இன்னொன்று: இப்போது லாகின் பெயர் மச்சான் பெயரில் இருக்கிறது. புதிதாகப் போடும்போது கடைப் பெயர் வைக்கலாமா?

வியாசை லினக்ஸ்:

வைக்காமல் இருந்தால் வேலை மிச்சம் அண்ணா. மின்ட்டில் யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகினால் மீடியா, லாகின் பெயர், டிஸ்க் பெயர் என்ற பாதையில் திறக்கும். ஒவ்வொரு பாட்டும் அந்த முழுப் பாதையோடுதான் பதிவாகியிருக்கிறது. லாகின் பெயரும் டிஸ்க் பெயரும் பழையபடி இருந்தால் எதையும் தொட வேண்டாம்.

கடைப் பெயர்தான் வேண்டும் என்றால் நகல் எடுத்த இரண்டு எக்ஸ்எம்எல் கோப்பையும் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, பாதையின் அந்தத் தொடக்கப் பகுதியை மட்டும் தேடி ‘அனைத்தையும் மாற்று’ கொடுங்கள். டம்ப் எடுத்த கோப்பிலும் மாற்ற வேண்டும். லைப்ரரி எங்கே என்பது அதில் இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுவார்கள். தேடும்போது தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர் எங்கே என்று பயப்பட வேண்டாம். பாதைக்குள் தமிழ் தமிழாகத் தெரியாது. ஒரு ‘க’ மட்டுமே சதவீதக் குறி போட்ட மூன்று துண்டாக நீளும். அதில் கை வைக்காதீர்கள்.

யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகி, அது திறந்த பிறகு ரிதம்பாக்ஸைத் திறங்கள்.

எண்ணூர் காத்து:

நடுவில் வருகிறேன். நகல் இருக்கிறது என்கிறீர்கள், அது எங்கே இருக்கிறது? கடையிலேயே என்றால் அதை நகலாக எண்ணாதீர்கள். 2023 டிசம்பர் புயலில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. லேப்டாப்பும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜையின் கீழ் டிராயரில் இருந்தன. வேறு தெரு கூடப் போதாது, மேடான வேறு ஏரியாவில் ஒன்று வையுங்கள்.

கொருக்குப்பேட்டை மைக்செட்:

மாடியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒன்று போய்விட்டது, மாதவரத்தில்.

எஸ்எஸ்டி மாற்றியாகிவிட்டது. லாகின் பெயரை மாற்றவில்லை, மச்சான் பெயரே இருக்கட்டும். ஸ்டார், வரிசை, கிராஸ்ஃபேட் நொடி வரைக்கும் வந்துவிட்டது. ஆல்பம் படம் மட்டும் பாதிக்குக் காணோம்.

வியாசை லினக்ஸ்:

படம் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பு ஃபோல்டரில் இருப்பது, நாம் அதை எடுக்கவில்லை. நெட் இருந்தால் பாட்டு ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வராவிட்டாலும் ஸ்பீக்கருக்குப் படம் எதற்கு?

பெரம்பூர் லோகோ:

நான் ரிதம்பாக்ஸை மின்ட்டின் வழக்கமான பேக்கேஜாக இல்லாமல், ஃப்ளாட்பேக் என்ற தனிப் பேக்கேஜாகப் போட்டிருக்கிறேன். எனக்கும் அதே ஃபோல்டர்தானா?

வியாசை லினக்ஸ்:

இல்லை. ஹோமில் புள்ளி வார், அதற்குள் ஆப், அதற்குள் ரிதம்பாக்ஸ்3 என்று முடியும் ஃபோல்டர். அதன் டேட்டாவுக்குள் பாருங்கள், அதே இரண்டு எக்ஸ்எம்எல் இருக்கும்.