வெளிப்படையாகப் பேசியதற்குக் குறைந்த மதிப்பீடு: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். குழித்துறையிலிருந்து ரயிலில் கேரளத்தின் கழக்கூட்டம் சென்று, அங்குள்ள டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். சோதனை முடியாத மென்பொருளை வாடிக்கையாளருக்கு அனுப்பக் கூடாது என்று கூட்டத்தில் மேலாளரிடம் கூறினேன். தேநீர் வேளையில் அதையே சொல்லிப் புலம்பிய சக ஊழியர்கள், கூட்டத்தில் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. இப்போது என் ஆண்டு மதிப்பீட்டில், எந்த எடுத்துக்காட்டும் இல்லாமல், ‘குழுவோடு இணங்கிப் போவதில்லை’ என்ற ஒரே வரி இருக்கிறது. ராஜினாமா செய்வது நல்லது என்று மனிதவளத் துறையினர் வாய்மொழியாக மட்டும் சொல்கிறார்கள். வேலையின் தரத்துக்காகப் பேசியதிலிருந்து பின்வாங்க எனக்கு மனமில்லை.

ஆறு மாதம் பணியாற்றியவரை நியாயமான காரணமின்றி நீக்கக் கூடாது என்னும் 1960ஆம் ஆண்டின் கேரள கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், வற்புறுத்தி வாங்கும் ராஜினாமாவுக்கும் பொருந்துமா? மதிப்பீட்டுக்கு எழுதும் மறுப்பில் எவற்றை இணைக்க வேண்டும்? தொழிலாளர் துறையை அணுகியவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.