சின்ன கேஸ், ரைசன் 5600ஜி: கேம் திணறுகிறது, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

விடுதிவாசி:
வணக்கம். படிப்பது திருச்சியில், வீடு நாகர்கோவிலில். பஸ்ஸில் தோள்பையில் வைத்து எடுத்துப் போகிற அளவில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். பணம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான் லேப்டாப் பக்கம் போகவில்லை.

உள்ளே இருப்பவை: ரைசன் 5 5600ஜி (கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கும் சிப்), அதோடு வந்த கூலர், செகண்ட் ஹேண்ட் பி550 மினி ஐடிஎக்ஸ் (சிறிய அளவு) மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 3200 ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 250 வாட் ஃபிளெக்ஸ் (சின்ன கேஸுக்கான) பவர் சப்ளை. கேஸ் 7 லிட்டர். லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட இடம் இருக்கிறது, இப்போது காலி.

ஜிடிஏ 5-ஐ 1080பி நார்மலில் ஓட்டினால் நொடிக்கு 35 ஃபிரேமைத் தாண்டுவதில்லை. வண்டியை வேகமாக ஓட்டினால் விக்கி விக்கி வருகிறது. இதே சிப்பில் மற்றவர்கள் 60 காட்டுகிறார்கள். கால் மணி நேரம் ஆடினால் சூடு 93, 94 டிகிரிக்குப் போகிறது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) கிராஃபிக்ஸுக்கு 4 ஜிபி ரேம் ஒதுக்கியும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

12,000 ரூபாய் வரை திரட்ட முடியும். ஆர்எக்ஸ் 6400 கார்டு வாங்கலாமா? வீட்டில் கேட்டு வாங்கும் பணம், அதனால் தெரிந்தவர்கள் சொன்ன பிறகே செலவு செய்ய நினைக்கிறேன்.

நெல்லை_பில்ட்ஸ்:
16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்கா, இரண்டு எட்டா? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, ஸ்பீடு எவ்வளவு, எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

விடுதிவாசி:
ஒரே ஸ்டிக்தான். ஸ்பீடு 2400 என்று காட்டுகிறது. ஆனால் ரேம் அட்டையில் 3200 என்று போட்டிருக்கிறதே?

கோவை_சர்வீஸ்:
தம்பி, இப்போதைக்குக் கார்டு வாங்க வேண்டாம். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி ரேமில்தான் இருக்கிறது.

5600ஜி-யில் கிராஃபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது. சிபியு எந்த ரேமைப் பயன்படுத்துகிறதோ அதையேதான் உள்ளே இருக்கும் வேகா கிராஃபிக்ஸும் பயன்படுத்துகிறது. ஒரே ஸ்டிக் 2400-ல் ஓடினால் நொடிக்கு 19.2 ஜிபி தரவுதான் போய்வர முடியும். அதே ஸ்டிக் 3200-ல் ஓடினால் 25.6. இரண்டு ஸ்டிக் போட்டு டூயல் சேனலில், அதாவது இரண்டு வழியில் ஒரே நேரத்தில், 3200 ஓடினால் 51.2. இப்போது நீங்கள் ஆடுவது கிடைக்க வேண்டியதில் பாதிகூட இல்லாத அளவில். இதற்கு எந்த செட்டிங்கைக் குறைத்தும் பயன் இல்லை.

2400 காட்டுவது ரேமின் குறை அல்ல. பல ரேம்களில் அட்டையில் போட்டிருக்கும் வேகம் தானாக வராது, பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்தால்தான் வரும். சில போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். 5600ஜி அதிகாரபூர்வமாகவே 3200-ஐத் தாங்கும், பயப்பட வேண்டாம். இதை இன்றைக்கே செய்யுங்கள், காசு செலவில்லை.

அடுத்தது, இதே மாடலில் இன்னொரு ஸ்டிக். மினி ஐடிஎக்ஸ் போர்டில் வழக்கமாக இரண்டே ஸ்லாட்தான் இருக்கும், அதனால் அளவைப் பார்த்து வாங்குங்கள். இப்போது ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. பழையது கிடைத்தால் எடுக்கலாம், ஆனால் வாங்கும் இடத்திலேயே ஒரு மெமரி டெஸ்ட் ஓட்டச் சொல்லுங்கள். 16-க்குத் துணையாக 8 போட்டாலும் ஓடும். அப்போது 8-க்கு 8 மட்டும் டூயலில் போகும், மீதி 8 ஒற்றைச் சேனலில் நிற்கும்.

கிராஃபிக்ஸுக்கு 4 ஜிபி ஒதுக்குவதால் வேகம் கூடாது. அந்த 4 ஜிபி-யும் அதே மெதுவான ரேமிலிருந்து பிரித்துக் கொடுப்பதுதான். ஆட்டோவில் விடுங்கள்.

ஆர்எக்ஸ் 6400 பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கணினிக்கு அது பொருந்தாத கார்டு. 53 வாட்தான் இழுக்கும், தனி பவர் கேபிள் வேண்டாம், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அது நான்கே பிசிஐஇ லேனில் (கார்டுக்கும் சிபியுவுக்கும் இடையே தரவு போகும் பாதை) ஓடுகிறது. பிசிஐஇ 4.0 கிடைத்தால் சமாளித்துக்கொள்ளும். உங்கள் போர்டு பி550 என்றாலும் 5600ஜி சிப் கொடுப்பது 3.0 மட்டும்தான், அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும். கார்டில் 4 ஜிபி மெமரிதான். அது நிரம்பும் கேம்களில் விக்கல் திரும்ப வரும். பிறகு கார்டுதான் வேண்டும் என்றால், பழைய ஜிடிஎக்ஸ் 1650 லோ புரொஃபைல் பாருங்கள், அது 3.0-க்கே செய்தது, 16 லேன். பட்ஜெட் கூடினால் ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி லோ புரொஃபைல், 70 வாட். 250 வாட் பவர் சப்ளைக்கு இரண்டுமே சரியாக வரும்.

ஈரோடு_கேமர்:
இதற்குப் பதில் ஆபீஸ்களில் இருந்து வரும் பழைய எஸ்எஃப்எஃப் (சின்ன அளவு) டெஸ்க்டாப்பில் 1650 போட்டிருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும்.

கோவை_சர்வீஸ்:
மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பல தோள்பைக்குள் போகாது. பவர் சப்ளையும் போர்டும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும், பழுதானால் வெளியில் கிடைப்பதை மாட்ட முடியாது. தம்பி கேட்பது எடுத்துப் போகவும், பின்னால் மாற்றவும். அவர் எடுத்த வழி சரியானது.

நெல்லை_பில்ட்ஸ்:
சூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. 5600ஜி-யின் எல்லையே 95 டிகிரி, நீங்கள் அதை ஒட்டி நிற்கிறீர்கள். கேஸின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே கேமைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். சூடு நன்றாக இறங்கினால் குறை கூலரில் இல்லை, காற்று வரும் வழியில்தான். சிப்போடு வரும் கூலர் 54 மில்லிமீட்டர் உயரம். தகடு அதை ஒட்டி நின்று, துளையும் குறைவாக இருந்தால் ஃபேன் வெளிக்காற்றை இழுக்க முடியாது, உள்ளே இருக்கும் சூடான காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பயாஸில் சிடிடிபி-யை (சிப் இழுக்கும் மின்சாரத்தின் வரம்பு) 65-லிருந்து 45 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். சிபியு வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் பல கேம்களில் தடையாக நிற்பது கிராஃபிக்ஸும் ரேமும்தான், அதனால் ஃபிரேமில் பெரிதாகத் தெரியாது. சத்தமும் குறையும். ஒரே அறையில் நாலு பேர் தூங்கும் விடுதியில் அதுவும் வேண்டியதுதானே.

விடுதிவாசி:
எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்எம்பி போட்டதும் 3200 வந்துவிட்டது, ஜிடிஏ 40-ஐத் தாண்டியது. சீனியர் ஒருவரிடம் அதே மாடல் ஸ்டிக் கிடைத்தது. அதைப் போட்ட பிறகு 60-ஐ ஒட்டி நிற்கிறது, அந்த விக்கல் போயே போய்விட்டது. தகட்டைக் கழற்றினால் 78 டிகிரிதான். தகட்டில் ஃபேனுக்கு நேரே தூசி வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு மெல்லிய வலை போட்டு, 45 வாட்டும் வைத்ததில், மூடியிருக்கும்போதே 80-க்குள் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். விடுதியில் கேஸைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்கிறது. வீட்டில் அப்படி இல்லை. பவர் சப்ளை போய்விட்டதா?

மின்_வயரிங்:
விடுதியில் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுகிறீர்களா?

விடுதிவாசி:
ஆமாம். கட்டில் பக்கத்தில் இருப்பது இரண்டு துளை எக்ஸ்டென்ஷன்தான்.

மின்_வயரிங்:
அப்படியென்றால் பெரும்பாலும் பவர் சப்ளை நன்றாகவே இருக்கிறது, எர்த் இணைப்புதான் இல்லை. இந்த வகைப் பவர் சப்ளைகளில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேஸுக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறிய கசிவு தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் கேஸ், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே உண்மையிலேயே ஏதாவது பழுதானால் காப்பாற்றுவதற்கு ஒன்றுமே இருக்காது. இந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போர்ட் போகவும் கூடும்.

கன்வெர்ட்டரை இன்றே எடுத்துவிடுங்கள். மூன்று துளை உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கி, சுவரில் இருக்கும் மூன்று பின் சாக்கெட்டில் செருகுங்கள். அதற்கும் சுருக்கென்றால் அந்தச் சாக்கெட்டில் எர்த் ஒயர் இல்லை. வார்டனிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஆட வேண்டாம் தம்பி.

விடுதிவாசி:
சுவர் சாக்கெட்டில் போட்டதும் நின்றுவிட்டது. மிக்க நன்றி அண்ணா. அறையில் இருக்கும் மற்றவர்களின் கன்வெர்ட்டரையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

இப்போது மிச்சம் திரைதான். 15.6 இன்ச் போர்ட்டபிள் மானிட்டர் ஒன்று பார்த்தேன், ஒரே டைப்-சி கேபிளில் எல்லாம் போகும் என்று போட்டிருக்கிறது. என் போர்டிலும் டைப்-சி இருக்கிறது. போதுமா?

நெல்லை_பில்ட்ஸ்:
உங்கள் போர்டின் மேனுவலில் டைப்-சி-க்கு நேரே டிஸ்ப்ளேபோர்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதும். உங்கள் சிப் பொருந்தும் ஏஎம்4 வகை போர்டுகளில் பெரும்பாலும் அது தரவுக்கான துளை மட்டும்தான், படம் வராது. மினி எச்டிஎம்ஐ துளையும் இருக்கும் மானிட்டராக எடுங்கள். படத்துக்கு எச்டிஎம்ஐ, பவருக்கு உங்கள் போன் சார்ஜர். போர்டின் யூஎஸ்பி-யிலிருந்து பவர் எடுத்தால் சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் கூட்டியதும் அணைந்துவிடும், அதனால்தான் சார்ஜர். பையில் வைக்கும்போது திரையின் கண்ணாடிப் பக்கம் கேஸைப் பார்த்து இருக்க வேண்டாம், நடுவில் ஒரு துண்டு மடித்து வையுங்கள்.