கணக்குச் சரி, படம்தான் வரவில்லை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சுழியம்:
நான்கு ஆண்டாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எழுதினால் குறைகிறதா பார்க்கிறேன்.

செய்முறைத் தேர்வு. சைன் வளைவையும் அதன் டெய்லர் தோராயத்தையும் ஒரே படத்தில் "திரையில் காட்டுக" என்பது வினா. பைத்தானில் படம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்தான், அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வாரம் ஆய்வகக் கணினிகளில் பைத்தானை மூலநிரலிலிருந்து தொகுத்துப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள். சாளரம் திறக்க உதவும் டிகே இல்லாமல் தொகுத்துவிட்டார்கள் என்பது தேர்வு முடிந்த பிறகுதான் தெரிந்தது. நிரல் ஓடும், படத்தைத் திரையில் காட்டும் ஷோ வரியைக் கடக்கும், முனையத்தில் சுட்டி கண்சிமிட்டும், அவ்வளவுதான். மேட்பிளாட்லிப்பின் 'அக்' என்ற வரையும் பகுதி காட்சிக்கு உரியதல்ல என்று ஒரு வரி எச்சரிக்கை வந்தது. பிழை என்று சொல்லவில்லையே என்று ஒருவரும் அதைப் படிக்கவில்லை, நான் உட்பட.

எல்லாரும் விழித்துக்கொண்டிருக்க, இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி மட்டும் ஷோவை அழித்துவிட்டு கோப்பாகச் சேமிக்கும் சேவ்ஃபிக் என்று எழுதினாள். கோப்பை இருமுறை சொடுக்கினாள். படம் வந்ததும் நாங்கள் பார்க்க வசதியாக நாற்காலியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டாள். நீல வளைவு, நடுவில் அதனோடு ஒட்டிப் போய் இரு ஓரங்களிலும் பிய்த்துக்கொண்டு மேலும் கீழும் ஓடும் சிவப்புக் கோடு. புறத்தேர்வாளர், "கேள்வியில் காட்டுக என்றல்லவா இருக்கிறது, சேமிக்க என்றா இருக்கிறது?" என்றார். இரண்டு மதிப்பெண் குறைந்தது. தேர்வு நடத்தியவர்களில் ஒருவனாக நானும் கையெழுத்துப் போட்டேன்.

தொகையீடு:
ஐயா, அந்தப் பெண் செய்ததுதான் சரி. திரை இல்லாத இடத்தில் படத்தைக் கோப்பாக எழுதத்தான் 'அக்' இருக்கிறது. அவளுக்கு இரண்டு மதிப்பெண் கூட்டியிருக்க வேண்டும்.

என் கதை ஓப்பன்சிவி, படங்களை அலசும் லைப்ரரி. இலை நரம்புப் படங்களை அளந்து வரைபடம் போடும் ஆய்வு. ஓப்பன்சிவியை நிறுவிய நாளிலிருந்து மேட்பிளாட்லிப் திறக்கும்போதே செத்தது. "எக்ஸ்சிபி செருகுநிரலைக் கண்டறிந்தபோதிலும் ஏற்ற முடியவில்லை" என்று செய்தி. (க்யூடி என்ற சாளர லைப்ரரி லினக்ஸில் திரையோடு பேச உதவுவது எக்ஸ்சிபி.) கண்டறிந்த பிறகு ஏற்றுவதற்கு என்ன கேடு? மூன்று நாள் அந்தச் செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடினேன், க்யூடியை நீக்கினேன், மறுபடி நிறுவினேன், உபுண்டுவையே மறுபடி நிறுவினேன். நான்காம் நாள் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துத் திரையில் விரலை வைத்தார். கைநகம் தொட்ட இடத்தில் அடைவுப் பாதை இருந்தது: சிவி2, க்யூடி, பிளகின்ஸ். ஓப்பன்சிவி தன்னோடு ஒரு க்யூடியைக் கொண்டுவந்து, செருகுநிரலைத் தன் வீட்டிலேயே தேடச் சொல்லியிருக்கிறது. மேட்பிளாட்லிப் பயன்படுத்திய பைக்யூடி வேறு பதிப்பு. மூன்று நாளும் என் கண்ணெதிரிலேயே இருந்த பாதை! ஓப்பன்சிவியைச் சாளர வசதியே இல்லாத 'ஹெட்லெஸ்' பதிப்புக்கு மாற்றினேன், முடிந்தது. அவர் விரல்ரேகை திரையில் ஒரு வாரம் இருந்தது, துடைக்க மனம் வரவில்லை.

இரவுப்பறவை:
நீங்கள் உபுண்டுவை வேண்டுமென்றே மறுபடி நிறுவினீர்கள். நான் வேண்டாமலே நிறுவும் நிலைக்குப் போனேன்.

ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.30 (சி++ லைப்ரரியின் ஒரு பதிப்புக்குறி) கிடைக்கவில்லை என்று பிழை. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் காண்டாவின் சூழலில் இருந்த சி++ லைப்ரரி பழையது, கிராஃபிக்ஸ் டிரைவர் கேட்டதோ ஜிசிசி 12 என்ற தொகுப்பியின் காலத்தது. முப்பரிமாணப் படம் வர வேண்டிய சாளரம் கறுப்பாக நின்றது. யாரோ எங்கோ "இரண்டையும் ஒன்றாக்குங்கள், இணைப்பு போட்டுவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். எதை எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு நிர்வாகி உரிமையோடு தலைகீழாகப் போட்டேன். கணினி முழுவதும் பயன்படுத்தும் லைப்ரரியின் இணைப்பைக் காண்டாவின் பழைய கோப்புக்குத் திருப்பிவிட்டேன்.

மறுதொடக்கம் செய்தால் உள்நுழைவுத் திரை இல்லை. எழுத்துத் திரைக்குப் போய் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை கொடுத்தால் அதுவும் அதே 3.4.30 என்று அழுகிறது. ஆப்டும் சி++தானே! மருந்துக் கடைக்காரனுக்கே காய்ச்சல். ஆனால் இணைப்பு போடும் எல்என் கட்டளைக்கு அந்த லைப்ரரி தேவையில்லை, அசல் கோப்பும் அழியாமல் இருந்தது. இணைப்பை மறுபடி அந்த அசல் கோப்புக்கே (6.0.30) திருப்பினேன். இந்த ஒரே வரியைக் கண்டுபிடிக்க விடிந்துவிட்டது. பால்காரர் மணி அடித்தபோது உள்நுழைவுத் திரை வந்தது.

கடைசிநாள்:
இவ்வளவு எதற்கு? எனக்கு விண்டோஸில் "ஓஎம்பி பிழை 15" வந்தது, லிப்ஐயோம்ப்5எம்டி என்ற லைப்ரரி ஏற்கெனவே தொடங்கப்பட்டுவிட்டது என்று. படம் வரையும் வரியில் நிரல் அப்படியே விழுந்தது. கேஎம்பி டூப்ளிகேட் லிப் ஓகே என்ற சூழல் மாறியை ட்ரூ ஆக்கினேன். ஒரே வரி. படம் வந்தது, ஆய்வேட்டில் சேர்த்தேன், கடைசி நாளுக்கு முதல் நாள் கொடுத்துவிட்டேன்.

தொகையீடு:
கடைசிநாள் அவர்களே, அந்தப் பிழைச்செய்தியை முழுவதும் படித்தீர்களா? நீங்கள் போட்ட அந்த வரியைச் சொல்லித்தருவதே அந்தச் செய்திதான். சொல்லிவிட்டு, இது பாதுகாப்பற்றது, நிரல் விழலாம் அல்லது சத்தமில்லாமல் தவறான விடை தரலாம் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. விழுந்தால் பரவாயில்லை, தெரிந்துவிடும். சத்தமில்லாமல் தவறு என்பதைப் படித்த பிறகும் அந்தப் படத்தை ஆய்வேட்டில் ஒட்ட எனக்குக் கை வராது.

நடப்பது பெரும்பாலும் இதுதான். காண்டா வழியே வந்த நம்பை (எண் கணக்குத் தொகுப்பு), வேலையைப் பிரித்துக்கொடுக்கும் ஓப்பன்எம்பி லைப்ரரி ஒன்றைக் கொண்டுவருகிறது. பிப் என்ற வேறு நிறுவி வழியே வந்த பைடார்ச் (இயந்திரக் கற்றல் தொகுப்பு) இன்னொன்றைக் கொண்டுவருகிறது. ஒரே செயல்முறைக்குள் இரண்டு மேஸ்திரிகள், ஒரே ஆட்களுக்கு ஆளுக்கொரு உத்தரவு. நீங்கள் செய்தது சண்டையைத் தீர்ப்பதல்ல, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்தியது. புதிய சூழல் ஒன்று உருவாக்குங்கள். நம்பை, பைடார்ச் இரண்டையும் ஒரே வழியில் நிறுவுங்கள், பாதி காண்டா பாதி பிப் வேண்டாம். எந்த நம்பை ஏறுகிறது என்று அதன் ஃபைல் பண்பை அச்சிட்டுப் பாருங்கள், பாதி நேரம் நாம் நினைக்கும் அடைவிலேயே இருக்காது. நம்பை பதிப்பையும் கவனியுங்கள். 2024 ஜூனில் 2.0 வந்தபோது 1.எக்ஸுக்குத் தொகுத்த பல தொகுப்புகள் நின்றுபோயின, பழையதற்கே சிலகாலம் திரும்ப வேண்டியிருந்தது. லினக்ஸில் எல்டிடி என்று ஒரு கட்டளை இருக்கிறது, எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் காட்டும். இரவுப்பறவையும் அதை முதலில் பார்த்திருந்தால் பால்காரரைத் தூங்கி எழுந்தே பார்த்திருப்பார். ஒரு நிரலுக்கு மட்டும் வேறு லைப்ரரி வேண்டுமென்றால் எல்டி பிரீலோட் என்ற சூழல் மாறி இருக்கிறது, கணினியின் இணைப்பில் கைவைக்கவே தேவையில்லை.

கடைசிநாள்:
யாரும் கேட்கவில்லையே.

இரவுப்பறவை:
எனக்குப் பிரீலோட் இப்போது தெரியும், நன்றி. ஒன்றரை மணிக்குத் தெரியவில்லை.

சுண்ணக்கட்டி:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். இங்கே பேசுவதில் பாதி புரியவில்லை என்றாலும் என்னுடையதையும் சொல்கிறேன். பேரனின் பழைய மடிக்கணினியில் ஆக்டேவ் என்ற கணித மென்பொருள். பரவளையம் வரையச் சொன்னால் சாளரம் திறக்கிறது, உள்ளே சாம்பல் நிறம், மழைக்கு முந்தைய வானம் மாதிரி. அச்சுக்கோடுகூட இல்லை. கணினியின் கிராஃபிக்ஸ் பழையது, ஓப்பன்ஜிஎல் ஒத்துழைக்கவில்லை, கிராஃபிக்ஸ் டூல்கிட் என்ற கட்டளையில் படம் வரைய வேறு வழியான க்னூபிளாட் என்று கொடுங்கள் என்றான் பேரன் தொலைபேசியில். கொடுத்தேன். அதே சாம்பல். மறுபடி கொடுத்தேன். அதே சாம்பல். எரிச்சலில் சாளரத்தை மூடிவிட்டுக் கடைசியாக ஒருமுறை என்று பிளாட் அடித்தேன், பரவளையம் வந்து நின்றது! மாற்றம் புதிதாகத் திறக்கும் சாளரங்களுக்குத்தானாம், ஏற்கெனவே திறந்தது பழைய படியேதான் இருக்குமாம். அதைப் பேரன் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியாது என்று பிறகு ஒப்புக்கொண்டான்.

சுழியம் சார், முப்பத்தைந்து ஆண்டு விடைத்தாள் திருத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். விடை சரி, வழி வேறு என்றால் முழு மதிப்பெண். புறத்தேர்வாளர் மூத்தவரோ?

சுழியம்:
மூத்தவர்தான் ஐயா. ஆனால் கையெழுத்து என்னுடையதும்தான்.

வினாத்தாளில் அந்தச் சொல்லை மாற்றிவிட்டேன், இப்போது "வரைக" என்று மட்டும் இருக்கிறது. டிகேயும் சேர்த்துப் பைத்தானைத் தொகுத்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் படம் வருகிறது, மூன்றாம் வரிசைக் கடைசிக் கணினியைத் தவிர. அதில் மேட்பிளாட்லிப் ஒரு தொகுப்பே அல்ல என்கிறது. இரண்டு முறை நீக்கி நிறுவிப் பார்த்தாயிற்று.

தொகையீடு:
நிறுவாதீர்கள், நிறுத்துங்கள். நிரல் இருக்கும் அதே அடைவில் மேட்பிளாட்லிப் என்ற பெயரிலேயே ஒரு பைத்தான் கோப்பு இருக்கிறதா? இருந்தால் பைத்தான் அசலை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும்.

சுழியம்:
இருக்கிறது. போன பருவத்து மாணவர் யாரோ தம் பயிற்சிக்கு வைத்த பெயர். உள்ளே மூன்று வரி, மூன்றாவது வரி ஷோ.