வீட்டில் பதியும் எலெக்ட்ரிக் கிட்டாரில் இரைச்சலும் மங்கலும்

கேள்வி:
வணக்கம். மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்கள்) கொண்ட என் கிட்டாரை, ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரடியாகச் செருகி, மடிக்கணினியில் ஆம்ப் சிமுலேட்டர் (கிட்டார் ஆம்ப்ளிஃபையரைப் போல ஒலிக்கச் செய்யும் மென்பொருள்) வழியாகப் பதிவு செய்கிறேன். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருக்கிறது. வாசிப்பை நிறுத்தும் இடங்களிலெல்லாம் ரீங்காரம் கேட்கிறது. ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் அதை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டால், நீண்டு ஒலிக்க வேண்டிய சுரங்களும் பாதியில் அறுந்துபோகின்றன. எதைச் சரிசெய்ய வேண்டும்?

மறுமொழி 1:
மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளீடுதான். லைன் உள்ளீட்டின் (கீபோர்டு போன்ற வலுவான சிக்னலுக்கானது) இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, பொதுவாக 10 கிலோ ஓம் அளவிலேயே இருப்பதால், அதில் செருகப்படும் சாதாரண பிக்கப்பின் உயர் அதிர்வெண்கள் அமுங்கிவிடும். கிட்டாருக்கு 1 மெகா ஓம் அளவு வேண்டும். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை இசட்’ பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 24 பிட்டில் பதிந்து, மிக அழுத்தி வாசிக்கும்போதும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதவாறு கெயினை (உள்ளீட்டுச் சிக்னலைப் பெருக்கும் அளவை) வைத்தால் போதும்.

மறுமொழி 2:
ரீங்காரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிங்கிள் காயில் என்பது ஒரு ஆன்டெனா போன்றது. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் அது வாங்கிக்கொள்ளும். இதற்காகவே, எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்களால் இரைச்சலை ரத்துசெய்யும் ஹம்பக்கர் என்ற பிக்கப்புக்கு, கிட்டார் நிறுவனமான கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் காப்புரிமை கோரினார். உங்கள் கிட்டாரின் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டதாக இருந்தால், அதுவும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும், செலக்டர் சுவிட்சின் 2ஆம், 4ஆம் நிலைகளில் அதே பயன் கிடைக்கும். முதலில் மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரையும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் விளக்குகளையும் அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதிந்து பாருங்கள். பிறகு நாற்காலியோடு மெல்லச் சுழன்றால், ரீங்காரம் மிகக் குறையும் ஒரு திசை தெரியும். அப்படியே அமர்ந்து வாசியுங்கள். சுரங்கள் அறுந்துபோகாமல் இருக்க, நாய்ஸ் கேட்டை ஆம்ப் சிமுலேட்டருக்கு முன்னால் வையுங்கள், ஏனெனில் சிமுலேட்டர் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்குப் பின் சுரத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் குறுகிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பொத்தான் அழுத்தப்படாமல்தான் இருந்தது. அழுத்தியதும் மங்கல் விலகியது. சார்ஜரைக் கழற்றியபோது ரீங்காரம் பாதியாயிற்று. ஆனால் தந்திகளிலிருந்து கையை எடுத்தால் மீண்டும் கூடுகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் தந்திகளுக்கான எர்த் இணைப்பு சரியாகவே உள்ளது; உங்கள் உடல் ஏந்தும் மின்புல இரைச்சலை அதுதான் வடிக்கிறது. மிச்சத்தைக் குறைக்க, பிக்கப்புகள் இருக்கும் குழிகளின் உட்புறத்தில் செப்புத் தாள் ஒட்டி, அதை எர்த்துடன் இணையுங்கள்.