வீட்டு தையல் மெஷினுக்கு குயில்டிங் ஃப்ரேம் சரிப்பட்டு வருமா?

நூல்கண்டு:
என்கிட்ட இருக்கிறது சாதாரண வீட்டு மெஷின், ஊசில இருந்து மெஷின் உடம்பு வரைக்கும் 6.5 இன்ச்தான். பெரிய குயில்ட்டை (மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூணையும் சேத்து தைக்கிற போர்வை) சுருட்டி சுருட்டி உள்ள தள்ளி தைக்கிறதுல தோள்பட்டை ரெண்டும் விட்டுப்போகுது. மெஷினை சக்கரம் வச்ச பலகைல ஏத்தி தண்டவாளத்துல ஓட்டுற மாதிரி ஃப்ரேம் வருதே, துணி அப்படியே நிக்கும் மெஷினை நாம நகத்தணும், அது வாங்கலாம்னு இருக்கேன். வச்சிருக்கவங்க சொல்லுங்க.

காட்டன்காதலி:
தயங்காம வாங்குங்க. மூணு வருஷமா நான் அப்படித்தான் தைக்கிறேன். முதல் லாபமே மூணு அடுக்கும் நகராம இருக்க ஓட்டுத்தையல் போடுற வேலை இல்லாம போறது, மேல்துணிக்கு ஒரு உருளை அடித்துணிக்கு ஒரு உருளை பஞ்சு நடுவுல அதுபாட்டுக்கு கிடக்கும், தரையில முட்டி போட்டு ராத்திரி முழுக்க ஊக்கு குத்துறதெல்லாம் எனக்கு முடிஞ்சுபோச்சு. அடித்துணில சுருக்கமும் ரொம்ப குறைஞ்சுது. ஃபீட் டாக்கை (துணியை அடியில இருந்து நகத்துற பல்லு) இறக்கிட்டு டார்னிங் ஃபுட் (துணியை இறுக்கி அழுத்தாத பாதம்) மாட்டுங்க, அவ்ளோதான்.

ஊசிமுனை:
அவ்ளோதான்னு முடிச்சிடாதீங்க. தைச்சு முடிச்ச பகுதி எங்க போகுது? உருளைல சுத்தி மெஷின் கைக்கு, அதாவது மேல நீட்டிட்டு இருக்கிற பகுதிக்கு, அடியிலதான் வருது. 80 இன்ச் நீள குயில்ட்டை, நடுத்தர பஞ்சு வச்சு, ஒன்றரை இன்ச் குழாய்ல சுத்தினா கடைசில சுருள் 4 இன்ச் கிட்ட வந்துடும். 6.5ல 4 போனா மிச்சம் 2.5, அதுலயும் ஃபுட் போய் முட்டாம இருக்க கொஞ்சம் விடணும். ஆரம்பத்துல 4 இன்ச் பூ போட்டுட்டு பாதில அதே பூவை போட இடம் இல்லாம நின்னவ நான், அந்த குயில்ட்டை முழுசா பிரிச்சேன். கை நீளமான லாங் ஆர்ம் மெஷின்ல 18 இன்ச் கிட்டயோ அதுக்கு மேலயோ இடம் இருக்கும், ஃப்ரேம் அதுக்கு பொருந்தும். இதுக்கு எதுக்கு பாதி ரூமை விட்டுக்கொடுக்கணும்?

காட்டன்காதலி:
கணக்கை நான் மறுக்கல. ஆனா எல்லாரும் கட்டில் அளவுக்கா தைக்கிறாங்க? 40 இன்ச் குழந்தை குயில்ட்னா சுருள் 3 இன்ச்சுக்குள்ள நிக்கும், மெல்லிசு பஞ்சு போட்டா இன்னும் குறையும். டிசைனை மொதல்லயே சின்னதா எடுத்துக்கிட்டா போதும்.

ஊசிமுனை:
சரி, வேகம்? நிறைய வீட்டு மெஷின் நிமிஷத்துக்கு 800 தையல்தான் போடும். இன்ச்சுக்கு 10 தையல் வேணும்னா நொடிக்கு ஒன்னேகால் இன்ச்சுக்கு கொஞ்சம் மேலதான் நகத்தலாம். கை தன்னால அதைவிட வேகமா ஓடும், வளைவுல சறுக்கிட்டு போகும்போது தையல் நீள நீளமா விழும், ஊசியும் வளைஞ்சு உடையும். ஸ்டிட்ச் ரெகுலேட்டர் (நகத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி தையல் நீளத்தை ஒரே அளவா வைக்கிற கருவி) இல்லாம ஃப்ரேம் வாங்கச் சொல்றது எனக்கு மனசே வரல.

காட்டன்காதலி:
ரெகுலேட்டர் வேணும், அதுல நான் உங்க பக்கம். இல்லாதவங்க பெடலை ஒரே வேகத்துல நிறுத்தி வச்சு கையை பழக்கணும், எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. துணியை மேளத்தோல் மாதிரி இறுக்காம லேசா தொய்வு விட்டதுக்கு அப்புறம் ஊசி உடையறது நின்னுச்சு.

பொத்தான்துளை:
ரெண்டு பேரும் பாபினை (அடிநூல் சுத்தின உருளை) விட்டுட்டீங்க. மேல இருந்து போடுற பாபின்னா துணி அதுமேல விரிஞ்சிருக்கும், ஒவ்வொரு தடவையும் அடியில கையை விட்டு தடவணும். பக்கவாட்டுல திறக்கிற மெஷின்னா கவலையில்ல. நூல்கண்டு, பழைய குயில்ட்டை ஒரு குழாய்ல சுத்தி உங்க மெஷின் கைக்கு அடியில வச்சு டேப் பிடிச்சு பாருங்க. அகலம் மட்டும் இல்ல, உயரமும்.

நூல்கண்டு:
இப்பதான் பார்த்தேன். 76 இன்ச் போர்வை, சுருள் 3.75 வந்துச்சு, உயரத்துல மேல விரல் நுழையற இடம்கூட இல்ல, மெஷின் கையிலயே உரசுது. பாபினும் மேல போடுறதுதான். ஃப்ரேமை இப்போதைக்கு நிறுத்திட்டேன், மூணு பட்டையா தனித்தனியா குயில்ட் பண்ணி அப்புறம் சேத்து தைக்கப் போறேன்.

காட்டன்காதலி:
பட்டையை சேத்த இடம் பின்பக்கம் தடிப்பா தெரியும், எனக்கு அது ஒத்து வராது. ஆனா உரசுதுன்னா வேற வழியில்ல. 9 இன்ச் இடம் இருக்கிற நேர்த்தையல் மெஷின் கைக்கு வந்தா அப்ப கேளுங்க அக்கா, பக்கவாட்டு பாபின்தானான்னு மட்டும் பாத்து வாங்குங்க.